ஆர்கெஸ்ட்ரா நடத்துநரிடமிருந்து தலைமை பற்றி உண்மையில் என்ன கற்கலாம்?

கேள்வி இதுதான்: தலைமைப் பயிற்சி வகுப்புகளில் ஆர்கெஸ்ட்ரா, அதாவது மேற்கத்திய இசையின் பெரிய வாத்தியக் குழு, அதன் முன்னால் நின்று வழிநடத்தும் நடத்துநரை (கண்டக்டரை) அடிக்கடி உதாரணம் காட்டுகிறார்கள். மேடையில் கையை ஆட்டுவதைத் தவிர அவர் அப்படி என்ன செய்கிறார்? ஒரு குழுவை நடத்துகிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லும் பாடம் வேறு. நடுவில் ஒருவர் உயரமாக நிற்கிறார், நூறு பேர் அவர் கையிலுள்ள சிறு கோலின் அசைவுக்குக் கட்டுப்படுகிறார்கள், ஆகவே எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருப்பவரே நல்ல தலைவர் என்று முடித்துவிடுவார்கள். இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து பலவிதமான நடத்துநர்களிடம் வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே இருந்து பார்த்தால் விஷயம் தலைகீழாகத் தெரியும். மேடையில் இருப்பவர்களிலேயே ஒரு சுரம்கூட எழுப்பாத ஆள் அவர் ஒருவர்தான். சபையின் காதில் விழும் ஒவ்வொரு ஒலியும் வேறு யாரோ ஒருவருடைய விரலிலிருந்தோ மூச்சிலிருந்தோ வருகிறது. அவர் நினைக்கிற எதுவும் இன்னொருவர் மனம் வைத்தால்தான் நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் எப்படி வேலை வாங்குகிறார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

முதலில், அவருடைய வேலையில் பெரும்பகுதி நம் கண்ணில் படுவதே இல்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கென்று எழுதிய நீண்ட படைப்புக்குச் சிம்பொனி என்று பெயர். எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் சேர்ந்த புத்தகம் ஸ்கோர். ஒரு பெரிய சிம்பொனியின் முழு ஸ்கோரைத் திறந்தால் ஒரே பக்கத்தில் இருபது, இருபத்தைந்து வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். மேலே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன். அடுத்து ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா. பிறகு டிம்பனி. அடியில் வயலினிலிருந்து டபுள் பேஸ் வரை தந்தி வாத்தியங்கள். ஒத்திகைக்கு வரும் முன்பே நடத்துநர் இதை வரி வரியாகப் படித்து முடித்திருப்பார். வாசிக்கிறவர்களுக்கு முன்னால் இருப்பதோ அவரவர் வரி மட்டும். என் தாளில் இரண்டாம் வயலினைத் தவிர ஒன்றும் இருக்காது. நான் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த கோடும் அதன்மேல் 12 என்றோ 30 என்றோ ஓர் எண்ணும் இருக்கும். அத்தனை பார், அதாவது அத்தனை தாளச் சுற்று, எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதற்கு அதிகபட்சம் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆக, முழுப் படமும் ஒருவரிடம்தான் இருக்கிறது. அதை அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆட்கள் வேறுபடுகிறார்கள். ஒத்திகையில் நாங்கள் ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தோம். தாளில் பலமாக வாசிக்கச் சொல்லித்தான் போட்டிருந்தது. நடத்துநர் நிறுத்தி, "இரண்டாம் வயலின், சத்தம் அதிகம்" என்றார். குறைத்தோம். அடுத்த முறை அதே இடம் வந்தபோது மறுபடியும் பழைய சத்தம். யாருக்கும் வேண்டுமென்றே செய்யும் எண்ணமில்லை. தாள் ஒன்று சொல்கிறது, கை அதைச் செய்துவிடுகிறது. இன்னொரு நடத்துநர் இதே மாதிரி ஓரிடத்தில் எங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, "பஸூன் மட்டும் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்" என்றார். எங்களுக்குக் கீழே அவ்வளவு அழகான ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது எங்களில் பாதிப் பேருக்கு அதுவரை தெரியாது. அடுத்து சேர்ந்து வாசித்தபோது யாரும் சொல்லாமலே எங்கள் வில்லின் பாரம் குறைந்தது. கச்சேரியிலும் அப்படியே நின்றது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னவருக்கு அது ஒரு தடவைதான் கிடைத்தது. காரணத்தைக் காதில் போட்டவருக்கு எப்போதும் கிடைத்தது.

அலுவலகத்தில் "எனக்கு இது நாளைக்குள் வேண்டும்" என்று சொல்வதற்கும், "இது கையில் வந்த பிறகுதான் அடுத்த குழு தொடங்க முடியும், அவர்கள் மூன்று நாளாகக் காத்திருக்கிறார்கள்" என்று சொல்வதற்கும் இதே வித்தியாசம்தான். முழு ஸ்கோர் உங்களிடம் இருந்தால், அதைக் காட்டிப் பெருமைப்படுவதைவிட ஒவ்வொருவருக்கும் அவருடைய வரியைச் சுற்றி இருப்பதைத் தெரியவைப்பது அதிகப் பலன் தரும்.

அடுத்தது என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறியது. மேற்கத்திய இசை கேட்காதவர்களுக்கும் அதன் தொடக்கம் தெரியும்: மூன்று குட்டைச் சுரம், ஒரு நீண்ட சுரம். கேட்க எளிது. அதைத் தொடங்கிவைப்பது நடத்துநர்களுக்குச் சிம்மசொப்பனம். ஏனென்றால் தாளில் முதலில் இருப்பது சுரமே இல்லை, ஒரு துளி மௌனம். நடத்துநரின் கை இறங்கும் அடி அந்த மௌனத்தின்மேல் விழுகிறது. தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் அதற்கு அடுத்த நொடிப்பிளவில் ஒரே ஆளாக நுழைய வேண்டும். வேகமோ அதிகம். அதற்கு முன்னால் தாளம் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை, பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. இருப்பதெல்லாம் கையை உயர்த்தும் ஒரு முன்னசைவும் அதோடு சேர்ந்த ஒரு மூச்சும்தான்.

அந்த ஒரு முன்னசைவுக்குள் எல்லாம் இருந்தாக வேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், எந்த மாதிரிச் சத்தம் என்பதெல்லாம் கை மேலே போகும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். கை சோம்பலாக உயர்ந்தால் அத்தனை வில்லும் சோம்பலாகத்தான் இறங்கும். அப்புறம் முகத்தை எவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டாலும் பயனில்லை, சுரம் போய்விட்டது. கீழே இறங்கும் அடியைப் பார்த்து யாரும் வாசிப்பதில்லை. அதற்கு முந்தைய அசைவைப் பார்த்துத்தான் வாசிக்கிறோம். நல்ல நடத்துநர் எப்போதும் இசைக்கு ஓர் அடி முன்னால் இருப்பார். நாங்கள் வாசித்துக்கொண்டிருப்பதை அவர் கேட்டுக்கொண்டிருப்பார், கை மட்டும் அடுத்து வரப்போவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் பார்த்த பல மேலாளர்கள் இதற்கு நேர்மாறாக, நடந்து முடிந்த அடியிலேயே நிற்பவர்கள். வேலை முடிந்து வந்த பிறகு, "இப்படிச் செய்திருக்க வேண்டும், அப்படிச் செய்திருக்க வேண்டும்" என்பார்கள். தொடங்கும்போது வேகம் எது, எதற்கு முக்கியத்துவம், எதை விட்டுவிடலாம் என்று ஒரு வார்த்தை வந்திருக்காது. தொடக்கத்தில் தெளிவில்லாமல் கை உயர்த்திவிட்டு, வந்த சத்தத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. நடத்துநருக்கே தான் என்ன வேகம் எடுக்கப்போகிறோம் என்று நிச்சயமில்லாவிட்டால், அந்தத் தயக்கமும் முன்னசைவில் அப்பட்டமாகத் தெரியும். நூறு பேரிடம் அதை மறைக்க முடியாது.

மேடையின் அளவும் ஒரு பாடம் சொல்கிறது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் முன்வரிசை வயலினுக்கும் கடைசி வரிசை டிரம்பெட்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும். அப்படியென்றால் வயலின் சத்தம் பின்னால் போய்ச் சேர ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகிறது. டிரம்பெட்காரர் அதைக் கேட்டு அதோடு சேர்ந்து வாசித்தால், அவருடைய சத்தம் திரும்பி முன்னால் வர இன்னொரு முப்பதில் ஒரு பங்கு. சபைக்கு அவர் பிந்திப்போனதாகத்தான் கேட்கும். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, காதை நம்பினார், அவ்வளவே. அதனால் தூரத்தில் இருப்பவர்கள் காதைவிடக் கண்ணை அதிகம் நம்பப் பழகுகிறார்கள். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. கோல் என்கிற ஒரு பொதுப்புள்ளி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. கிளை அலுவலகங்களில் இருப்பவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் விஷயத்தில் இதை யோசித்துப் பாருங்கள். செய்தி கைமாறிக் கைமாறி அவர்களுக்குப் போகிறபோது அவர்கள் பிந்தித்தான் போவார்கள். சிலவற்றையாவது எல்லாரும் ஒரே சமயத்தில் நேரடியாகப் பார்க்கும்படி வைத்தாக வேண்டும்.

சரி, நடத்துநர் ஒருவரே நூறு பேரையும் நேராக நடத்துகிறாரா என்றால், கிடையாது. வயலின்காரர்களில் முதல் இருக்கையில் இருப்பவர் கான்செர்ட் மாஸ்டர். ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் ஒரு தலைமை வாசிப்பாளர் உண்டு. வில் எந்த இடத்தில் மேலே போக வேண்டும், எந்த இடத்தில் கீழே வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இவர்கள்தான் முடிவு செய்து எல்லாத் தாளிலும் குறிக்க வைக்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர் ஒரு கண்ணால் கோலையும் இன்னொரு கண்ணால் தன் பிரிவுத் தலைவரின் வில்லையும் பார்ப்பார். நடத்துநர் தடுமாறிப்போனால் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரு வார்த்தை பேசாமல் கான்செர்ட் மாஸ்டரின் வில்லுக்கு மாறிவிடும். சபையில் யாருக்கும் தெரியாது.

பொறுப்பு இன்னும் கீழேயும் இறங்குகிறது. தந்தி வாத்தியத்தில் இரண்டு பேருக்கு இசைத்தாள் வைக்கும் தாங்கி ஒன்று. சபைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தொடர்ந்து வாசிப்பார். உள்பக்கம் இருப்பவர்தான் பக்கம் திருப்ப வேண்டும், அதற்காகத் தன் வாசிப்பைச் சில நொடி விட்டுவிட வேண்டும். எப்போது விடுவது, தாளைச் சத்தமில்லாமல் எப்படிப் புரட்டுவது, பக்கத்தில் இருப்பவருக்குக் கடைசி வரி தெரியும்படி எவ்வளவு நேரம் பிடித்திருப்பது என்பதெல்லாம் ஒரு கலை. பல வருடம் உள்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இதற்காக யாரும் கைதட்டியதில்லை. அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் மட்டும் முதல் நொடியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த நடத்துநர்கள் இதையெல்லாம் பார்க்கிறவர்கள். "பக்கம் திருப்பும் இடம் மோசமாக இருக்கிறது, அந்த இரண்டு பாரையும் கையால் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் ஒத்திகையில் சொன்னபோது, இரண்டாம் வயலின் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

கண் ஜாடை பற்றியும் சொல்லியாக வேண்டும். த்வோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி 1893-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதில் டியூபா வாசிப்பவருக்கு இரண்டாம் பகுதியில் மட்டும்தான் வேலை, அதுவும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில சுரங்கள். கைத்தாளத்துக்குக் கடைசிப் பகுதியில் ஒரே ஓர் அடி. மீதி நேரம் முழுக்க எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஓர் அடிக்கு முன்னால் நடத்துநர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். வாசிப்பவருக்கு எண்ணத் தெரியாது என்பதற்காக இல்லை, அவர் கட்டாயம் எண்ணியிருப்பார். "ஆமாம், இதுதான் இடம், நானும் உங்களோடு இருக்கிறேன்" என்பதற்காக. நெடுநேரம் காத்திருந்தவருக்கு அந்தப் பார்வை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வாசித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதே கண்ணுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹார்ன் கஷ்டமான வாத்தியம். பெரிய கலைஞர்களுக்கும் ஒரு சுரம் சில சமயம் உடைந்துபோகும். அந்த நொடியில் நடத்துநர் அவரைத் திரும்பி முறைத்தால், அடுத்த சுரமும் உடைவதற்கு வழி செய்துவிட்டார் என்று அர்த்தம். தப்பு யாருடையது என்று அந்த ஹார்ன்காரருக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், முறைத்து அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை. அனுபவசாலிகள் அந்தச் சமயத்தில் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்ப்பார்கள். பேச வேண்டியிருந்தால் இடைவேளையில் தனியாகப் பேசுவார்கள்.

பழைய காலத்தில் இப்படி இல்லை என்பது உண்மைதான். இத்தாலிய நடத்துநர் ஆர்டூரோ டாஸ்கனினி கத்துவதும் கோலை உடைப்பதும் உலகப் பிரசித்தம். அவர் காலத்தில் பிடிக்காதவரை வெளியே அனுப்பும் அதிகாரம் பெரும்பாலும் நடத்துநர் கையில் இருந்தது. அவரிடம் மகத்தான இசை வந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த இசை கத்தலால் வந்தது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்கோரை முழுதாக மனப்பாடமாக வைத்திருந்ததாலும், எந்தச் சுரம் எங்கே தவறுகிறது என்று கேட்கும் காதாலும் வந்தது. கத்தலை மட்டும் காப்பியடித்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள், அவர்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

பெர்லின் பில்ஹார்மோனிக்கின் கதை இந்த விஷயத்தில் நிறையச் சொல்கிறது. 1882-இல், தங்களை மோசமாக நடத்திய நடத்துநரை விட்டுப் பிரிந்து வந்த இசைக்கலைஞர்கள் தாங்களே தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா அது. இன்றும் தங்கள் தலைமை நடத்துநரை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே 1950-களின் நடுவிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் தலைமை நடத்துநராக இருந்தவர் ஹெர்பர்ட் ஃபான் கராயன். அவர் காலத்தில் அந்த ஆர்கெஸ்ட்ராவின் உலகப் புகழ் இன்னும் வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் சபீனே மையர் என்ற இளம் கிளாரினெட் கலைஞரைச் சேர்க்க வேண்டும் என்று கராயன் பிடிவாதமாக நின்றார். ஆர்கெஸ்ட்ரா பெரும்பான்மை ஓட்டில் மறுத்தது. மையர் பிறகு உலகின் தலைசிறந்த கிளாரினெட் கலைஞர்களில் ஒருவரானார், ஆகவே திறமையைப் பொறுத்தவரை கராயனின் காது பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மோதலுக்குப் பிறகு அவருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் இருந்த உறவு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மையர் தானாகவே விலகிவிட்டார், 1989-இல் கராயனும் பதவி விலகினார். ஒருவர் சொல்வது சரியாக இருப்பது ஒரு விஷயம், அதைத் திணிக்கும் விதம் இன்னொரு விஷயம். இரண்டாவதற்கான விலையை முதலாவது ஒருபோதும் அடைக்காது.

அடுத்து ஆர்கெஸ்ட்ரா தேர்ந்தெடுத்தது கிளாடியோ அப்பாடோவை. அவர் ஒத்திகையில் அதிகம் பேசமாட்டார். ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஓயாத கோரிக்கை. கராயனின் கனத்த ஒலிக்குப் பழகிய சிலருக்கு இது முதலில் போதாத தலைமையாகப் பட்டது. அதில் கொஞ்சம் நியாயமும் இருந்திருக்கலாம், சிலருக்குத் தெளிவான கட்டளை வேண்டியிருக்கிறது. ஆனால் பெரிய ஆர்கெஸ்ட்ராவை நாலைந்து பேர் வாசிக்கும் சின்ன இசைக்குழு மாதிரி ஒருவரையொருவர் கேட்க வைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் அப்பாடோவைக் கொண்டாடுகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

நெருக்கடியில் என்ன செய்வது என்பதற்கு ஒரு சம்பவம். 1990-களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் அரங்கம், சபை முன்னால் ஒரு மதிய நேர நிகழ்ச்சி. நடத்துநர் ரிக்கார்டோ ஷாயி, பியானோவில் மரியா ஜுவாவ் பீரெஷ். தனி வாத்தியம் ஒன்றும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பைக் கான்செர்ட்டோ என்பார்கள். ஆர்கெஸ்ட்ரா மோட்சார்ட்டின் டி மைனர் பியானோ கான்செர்ட்டோவைத் தொடங்கியது. பீரெஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் தயாராகி வந்தது மோட்சார்ட்டின் வேறொரு கான்செர்ட்டோ. பியானோ நுழைவதற்கு முன்னால் அந்தத் தொடக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அவ்வளவுதான் அவகாசம். ஷாயி கையை நிறுத்தவில்லை. நடத்திக்கொண்டே அவர் பக்கம் குனிந்து, சிரித்த முகத்தோடு, போன கச்சேரிப் பருவத்தில் இதை வாசித்தீர்கள், உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிற மாதிரி பேசினார். பீரெஷ் ஒரு மூச்சு எடுத்து, சரியான இடத்தில் நுழைந்து, கடைசி வரை நினைவிலிருந்தே வாசித்தார்.

இதன் வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் பியானோ கலைஞரின் நினைவாற்றலைப் பாராட்டுவார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஷாயியின் இடது கையையும் வலது கையையும். வலது கை ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு சின்ன நடுக்கமும் காட்டாமல் தாளத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பதற்றத்தை அவர் அந்தப் பக்கம் கடத்தவில்லை. இந்தப் பக்கம் ஒருவரிடம் அவருடைய திறமையை அவருக்கே ஞாபகப்படுத்துகிறார். அவர் நிறுத்தியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தாமல் இருக்க அவருக்குத் தைரியம் கொடுத்தது, பீரெஷ் இதை ஏற்கெனவே வாசித்ததை அவர் தெரிந்து வைத்திருந்ததுதான். வெறும் உற்சாக வார்த்தையாக இருந்திருந்தால் அது பொறுப்பில்லாத செயலாகியிருக்கும்.

கருத்து வேறுபாட்டுக்கும் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 1962 ஏப்ரலில் நியூயார்க் கார்னகி அரங்கில் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசிக்க இருந்தார். அவர் எடுக்க விரும்பிய வேகம் நடத்துநர் லியனார்ட் பெர்ன்ஸ்டீனுக்கு ஒப்பவில்லை. வாசிப்புக்கு முன்னால் பெர்ன்ஸ்டீன் சபையைப் பார்த்துப் பேசினார்: இந்த அணுகுமுறையோடு எனக்கு முழுக்க உடன்பாடில்லை, ஆனால் கூல்ட் தீவிரமான கலைஞர், அவர் மனப்பூர்வமாக யோசித்து வந்திருப்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன் என்கிற பொருளில். பிறகு கூல்டின் வேகத்தில் ஒழுங்காக நடத்திக்கொடுத்தார். அந்தப் பேச்சு கூல்டைக் காட்டிக்கொடுத்ததா, கௌரவித்ததா என்று இசை உலகில் இன்றும் சண்டை ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது, சபையில் சொன்னதைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு அரைமனதாக நடத்தி, "பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்" என்று நிரூபிக்கப் பார்க்காத அந்தக் குணம் அபூர்வமானது. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வேலையில் காலை வாரிவிடுகிறவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

நடத்துநரே இல்லாமல் முடியாதா என்று அடுத்த கேள்வி வரும். முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1922-இல் மாஸ்கோவில் பெர்சிம்ஃபான்ஸ் என்ற ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் இல்லாமல் தொடங்கி பத்து வருடம் நடந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள், சிலர் சபைக்கு முதுகைக் காட்டியபடி. நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு படைப்புக்கும் வேறு ஒருவர் கான்செர்ட் மாஸ்டராக இருப்பார். ஒரு சின்னக் குழு முதலில் கூடி எப்படி வாசிப்பது என்று ஒரு திட்டம் போடும். பிறகு மொத்தக் குழுவும் வரும், யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். மேடையில் சத்தம் எப்படிக் கலக்கிறது என்று பார்க்க, வாசிப்பவர்களில் ஒருவரே எழுந்து போய் அரங்கின் நடுவில் நின்று கேட்டுவிட்டு வருவார்.

இதைப் படித்துவிட்டு, தலைவரே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அவசரம். நடத்துநர் இல்லாத இடத்தில் தலைமை காணாமல் போகவில்லை, பலர் கைக்குப் பிரிந்து போயிருக்கிறது. அதற்கு அதிக ஒத்திகை வேண்டும், ஒவ்வொருவரும் தன் வரி மட்டுமில்லாமல் முழு ஸ்கோரையும் படித்திருக்க வேண்டும், முப்பது நாற்பது பேருக்கு மேல் போனால் மிகவும் கடினம். எனவே நடத்துநர் என்பவர் முதலாவதாக நேரத்தை மிச்சப்படுத்துகிறார். நூறு பேர் பேசித் தீர்க்க வேண்டியதை ஒருவர் முன்கூட்டியே யோசித்து வந்துவிடுகிறார். இசை அவரிடமிருந்து பிறக்கிறது என்பது மட்டும் மிகை.

இந்த ஒப்பீடு எங்கே உதவாது என்பதையும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் ட்ரக்கர் 1988-இல், எதிர்கால நிறுவனங்கள் ஆர்கெஸ்ட்ரா மாதிரி இருக்கும் என்று எழுதினார்: இடையில் அடுக்கடுக்காக அதிகாரிகள் இல்லாமல், கைதேர்ந்த நிபுணர்களும் ஒரு நடத்துநரும். பத்து வருடம் கழித்து ஹென்றி மின்ட்ஸ்பர்க், கனடாவின் வின்னிபெக் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் பிராம்வெல் டோவியைக் கூடவே இருந்து கவனித்துவிட்டு, நாம் நினைக்கும் அளவுக்கு அங்கே கட்டுப்பாடு நடத்துநர் கையில் இல்லை, இருக்கிற தலைமையும் வெளியே தெரியாதது என்று எழுதினார். வாசிப்பவர்களின் பயிற்சியும் இசையமைப்பாளர் எழுதிவைத்த ஸ்கோரும்தான் பெரும்பாலான ஒழுங்கைத் தருகின்றன. என் அனுபவம் மின்ட்ஸ்பர்க் பக்கம்தான் சாய்கிறது.

ஆர்கெஸ்ட்ராவில் என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. நிறுவனத்தில் பாதி வேலை அதைக் கண்டுபிடிப்பதுதான். மோட்சார்ட் நடுவில் வந்து மூன்றாம் பகுதியை மாற்றச் சொல்வதில்லை, வாடிக்கையாளர் சொல்வார். ஆகவே புதிதாக ஒன்றை உருவாக்கும் குழுவுக்கு நடத்துநர் பொருத்தமான முன்மாதிரி இல்லை என்பது என் கருத்து. அறுவை சிகிச்சை அரங்கு, விமான ஓடுதளம், பெரிய கட்டுமானம் மாதிரி, திட்டம் தெளிவாக இருந்து பலருடைய வேலை நொடி பிசகாமல் சேர வேண்டிய இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

இன்னொரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. ஹார்வர்டில் குழுக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹேக்மன், பல தொழில்களில் இருப்பவர்களோடு ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். உள்ளிருந்து வரும் உந்துதலில் இவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வேலையில் கிடைக்கும் திருப்தியில் நடுவில்தான். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து பயிற்சி செய்து, கடுமையான தேர்வில் ஜெயித்து உள்ளே வருகிற ஒருவர், எப்படி வாசிக்கலாம் என்று வாய் திறந்து ஒரு யோசனை சொல்ல வருடக்கணக்கில் வாய்ப்பே கிடைக்காமல் இருக்கலாம். ஒரு கச்சேரி அருமையாக அமைவதும் அதை வாசித்தவர்கள் நிறைவாக இருப்பதும் ஒன்றல்ல. ஆர்கெஸ்ட்ராவை முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் நேராகப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால், கச்சேரி வீடியோக்களைவிட ஒத்திகை வீடியோக்களைப் பாருங்கள். கச்சேரியில் தெரிவது முடிந்துபோன வேலை. பெர்ன்ஸ்டீன் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு ஹைடனின் 88-ஆவது சிம்பொனியின் கடைசிப் பகுதியை, கையைக் கீழே போட்டுவிட்டுப் புருவத்தாலும் கண்ணாலும் மட்டுமே நடத்துகிற பதிவு ஒன்று மிகப் பிரபலம். அது அவர்கள் அதே பகுதியைச் சற்று முன்புதான் முழுதாக வாசித்து முடித்திருந்ததால் சாத்தியமானது. தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. நடத்துநர் கார்லோஸ் க்ளைபர் 1970-இல் ஸ்டுட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு செய்த ஒத்திகைப் பதிவிலிருந்து தொடங்குங்கள். எத்தனை தடவை நிறுத்துகிறார், நிறுத்தியதும் முதல் வார்த்தையாக என்ன சொல்கிறார், "சத்தம்", "வேகம்" என்று சொல்லாமல் ஒரு காட்சியையோ ஒரு மனநிலையையோ எப்படி விவரிக்கிறார், அதற்கு அடுத்த தடவை ஒலியில் என்ன மாறுகிறது என்று குறித்துக்கொண்டே பாருங்கள். நடுநடுவே அவரை விட்டுவிட்டு வாசிப்பவர்களின் முகத்தையும் பாருங்கள். முதலில் சிலர் முகத்தில் சலிப்பு இருக்கும். அது எந்த இடத்தில் மாறுகிறது, அதற்குச் சற்று முன்னால் அவர் என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க முடிந்தால், உங்கள் கேள்விக்கு என்னுடையதைவிட நல்ல பதில் உங்களுக்கே கிடைத்துவிடும்.